ஞானஸ்நானம்: தண்ணீரில் நடப்பது என்ன?

ஒரு கிறிஸ்தவர் தனியாக ஜெபிக்கலாம், தனியாக வேதம் வாசிக்கலாம், யாருக்கும் தெரியாமல் உபவாசம் இருக்கலாம். ஞானஸ்நானத்தை மட்டும் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ள முடியாது. இன்னொருவர் கையால்தான் அதைப் பெற வேண்டும். இயேசுகூட யோவானைத் தேடி யோர்தான் நதிக்குப் போய், அவர் கையால்தான் பெற்றார்.

இந்த விதியை மீறிப் பார்த்தவரும் உண்டு. 1609இல் ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் போதகர், சரியான ஞானஸ்நானம் கொடுக்கத்தக்க சபை எங்குமே இல்லை என்று முடிவுகட்டி, முதலில் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்டார். பிறகு தம்மோடு இருந்தவர்களுக்கும் கொடுத்தார். பாப்டிஸ்ட் சபைகளின் தொடக்கம் இது. ஆனால் செய்தது சரிதானா என்ற சந்தேகம் கொஞ்ச நாளிலேயே அவரைப் பிடித்துக்கொண்டது. பெரியவர்களுக்கே ஞானஸ்நானம் கொடுத்துவந்த, முன்பே இருந்த மென்னோனைட் சபையாரிடம் தம்மைச் சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பித்தார். தாமே எடுத்துக்கொண்ட ஞானஸ்நானம் அவருக்கே நிற்கவில்லை.

ஞானஸ்நானம் பெறப்படுவது. யாரிடமிருந்து பெறுகிறோம், கொடுப்பது கடவுளா சபையா, பெறுகிறவர் பங்கு எவ்வளவு என்ற கேள்விகளுக்குத் தரும் பதிலைப் பொறுத்தே சபைக்குச் சபை முறை மாறுகிறது. கத்தோலிக்கர் திருமுழுக்கு என்பார்கள், மற்றவர்கள் ஞானஸ்நானம் என்பார்கள். இரண்டும் ஒன்றே. இந்தக் கட்டுரையில் ஞானஸ்நானம் என்றே எழுதுகிறோம்.

எங்கிருந்து வந்தது

தண்ணீரில் முழுகித் தூய்மையாவது யூதர்களுக்குப் பழகிய காரியம். எருசலேம் ஆலயம் நின்ற மேட்டின் தெற்குப் பக்கத்தில், படிக்கட்டு வைத்துக் கட்டிய பல முழுக்குத் தொட்டிகளைத் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். மிக்வே என்பது அதன் பெயர். தீட்டு நீங்க வேண்டியவர் தாமே இறங்குவார், தாமே முழுகுவார், தாமே ஏறி வருவார். தீட்டு வரும்போதெல்லாம் மறுபடியும் முழுக வேண்டும்.

யோவான் ஸ்நானகன் இதை இரண்டு விதத்தில் மாற்றினார். முதலாவது, மக்கள் தாங்களாக முழுகவில்லை, அவர் முழுக்கினார். அதனால்தான் அவருக்கு அந்தப் பெயரே வந்தது. இரண்டாவது, உடல் தீட்டைப் பற்றி அவர் பேசவில்லை. வாழ்க்கையைத் திருப்பு, பாவத்தை அறிக்கையிடு என்றார். ஆபிரகாமின் வம்சம் என்பதால் யாரும் விதிவிலக்கு இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

அந்த வரிசையில் இயேசு வந்து நின்றதுதான் பலருக்கும் இடறல். பாவமில்லாதவர் மனந்திரும்புதலின் ஞானஸ்நானத்தை ஏன் பெற வேண்டும்? யோவானே தடுத்ததாக மத்தேயு 3ஆம் அதிகாரம் சொல்கிறது. "இப்படி எல்லா நீதியையும் நிறைவேற்றுவது நமக்கு ஏற்றதாயிருக்கிறது" என்பது இயேசுவின் பதில். திருச்சபை இதைப் புரிந்துகொண்ட விதம் இது: தமக்குத் தேவை இருந்து அவர் இறங்கவில்லை, பாவிகளின் வரிசையில் தம்மையும் ஒருவராக வைத்துக்கொள்ள இறங்கினார். கரையேறும்போது வானம் திறந்தது, ஆவியானவர் புறாவைப்போல் இறங்கினார், "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்ற பிதாவின் சத்தம் கேட்டது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவரின் நாமமும் பின்னாளில் ஞானஸ்நானத்தில் சொல்லப்படுவதற்கு இந்தக் காட்சியே முன்னோடி. அந்த நாமத்தில் கொடுக்கச் சொன்ன கட்டளை மத்தேயு 28:19இல் இருக்கிறது.

யோவானின் ஞானஸ்நானமும் கிறிஸ்தவ ஞானஸ்நானமும் ஒன்றல்ல. எபேசுவில் யோவானின் ஞானஸ்நானம் மட்டும் பெற்றிருந்த ஏறக்குறைய பன்னிரண்டு பேரைப் பவுல் சந்தித்தபோது, அவர்கள் கர்த்தராகிய இயேசுவின் நாமத்தில் ஞானஸ்நானம் பெற்றார்கள் (அப்போஸ்தலர் 19).

பொருள் என்ன

கழுவுதல் என்று சொன்னால் எல்லோருக்கும் உடனே புரிந்துவிடும். அழுக்கு போகிறது, பாவம் போகிறது. அது சரிதான். சீடர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு சொன்னதும் பாவமன்னிப்புக்கென்று ஞானஸ்நானம் பெறுங்கள் என்பதே. அன்று சேர்ந்தவர்கள் ஏறக்குறைய மூவாயிரம் பேர். ஆனால் கழுவுதலோடு நிறுத்திக்கொண்டால் பாதிதான் கையில் வரும். கழுவினது மறுபடி அழுக்காகும், மறுபடி கழுவ வேண்டியிருக்கும். அப்படியானால் ஞானஸ்நானம் ஏன் ஒரே முறை?

பவுலின் பதில், அது ஓர் அடக்கம் என்பது. ரோமர் 6ஆம் அதிகாரத்தில், கிறிஸ்துவின் மரணத்திற்குள் ஞானஸ்நானம் பெற்றோம், அவரோடுகூட அடக்கம்பண்ணப்பட்டோம் என்கிறார். தண்ணீருக்குள் போவது கல்லறைக்குள் போவது. வெளியே வருவது அவருடைய உயிர்த்தெழுதலில் பங்கு பெறுவது. ஒருவரை ஒருமுறைதான் அடக்கம் செய்ய முடியும். ஞானஸ்நானம் திரும்பச் செய்யப்படாததற்கு அடிப்படைக் காரணம் இது. செத்தவர் தம்மைத் தாமே புதைத்துக்கொள்ள முடியாது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

இந்தப் பொருளை மனதில் வைத்துக்கொண்டு பழைய தேவாலயங்களைப் பார்த்தால் கட்டடமே பேசும். நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரில் கட்டிய ஞானஸ்நானத் தொட்டி எட்டுக் கோணம் கொண்டது. ஏழு நாள் வாரம் முடிந்து வரும் எட்டாம் நாள், அதாவது கிறிஸ்து உயிர்த்த ஞாயிறு, அந்த எண்ணில் இருக்கிறது. 387ஆம் ஆண்டு ஈஸ்டர் இரவில், பின்னாளில் பெரிய இறையியலாளரான அகுஸ்தீன் அங்கேதான் ஆயர் அம்புரோசின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். ஈஸ்டர் இரவே அதற்கு உரிய நேரம் என்ற வழக்கமும் இந்தப் பொருளிலிருந்து வந்தது.

மரணமும் உயிர்ப்பும் நடுவில் நிற்க, மற்றப் பொருள்கள் அதைச் சுற்றி நிற்கின்றன. தண்ணீரினாலும் ஆவியினாலும் பிறப்பது என்று யோவான் 3:5 சொல்கிறது. இது தாயின் கருப்பையைக் காட்டும் படம். கிறிஸ்துவைத் தரித்துக்கொள்வது என்று கலாத்தியர் 3:27 சொல்கிறது. வெள்ளை உடை உடுத்தும் வழக்கத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. ஒரே சரீரத்துக்குள் சேர்க்கப்படுவது என்கிறது 1 கொரிந்தியர் 12:13. அதாவது ஞானஸ்நானம் பெற்றவர் ஒரு சபைக்குள் வருகிறார். "எனக்கும் கடவுளுக்கும் மட்டும்" என்று அதை வைத்துக்கொள்ள முடியாது. பழைய ஏற்பாட்டிலிருந்து நோவாவின் வெள்ளத்தையும் செங்கடலைக் கடந்ததையும் புதிய ஏற்பாடே ஞானஸ்நானத்துக்கு ஒப்பிடுகிறது. இரண்டு சம்பவங்களிலும் ஒரே தண்ணீர்தான் பழையதை மூழ்கடிக்கிறது, மக்களைக் காப்பாற்றவும் செய்கிறது.

செல்லுபடியாக என்னென்ன வேண்டும்

தண்ணீர், வார்த்தை, கொடுப்பவரின் எண்ணம். பெரும்பாலான சபைகள் இந்த மூன்றையும்தான் பார்க்கின்றன.

தண்ணீர் உண்மையான தண்ணீராக இருக்க வேண்டும். ஆறு, குளம், கடல், குழாய் எதுவானாலும் சரி. பாலோ பழச்சாறோ எண்ணெயோ ஆகாது. யோர்தானிலிருந்து கொண்டுவந்த தண்ணீருக்குத் தனி வலிமை எதுவும் இல்லை. ஜெபித்து ஆசீர்வதித்த தண்ணீரைப் பயன்படுத்துவது பல சபைகளின் ஒழுங்கு, ஆனால் அவசரத்தில் அதுவும் கட்டாயமில்லை.

வார்த்தை: "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." பெயரைச் சொல்லி அழைத்து இதைச் சொல்வார்கள். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையில் "தேவனுடைய ஊழியனாகிய இன்னார் ஞானஸ்நானம் பெறுகிறார்" என்று வரும். கொடுக்கும் குரு தம்மை முன்னிறுத்தாமல் பின்னுக்குப் போய்விடுகிறார். பிதா, குமாரன், ஆவி மூன்றும் ஒரே ஆள்தான் என்று நம்பும் ஒருமைத்துவப் பெந்தெகொஸ்தே சபைகள் அப்போஸ்தலர் 2:38ஐக் காட்டி இயேசுவின் நாமத்தில் மட்டும் கொடுக்கின்றன. மற்றச் சபைகள் பலவும் அதை ஏற்பதில்லை.

வார்த்தையில் ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் இருக்கிறது. "நான் கொடுக்கிறேன்" என்பதற்குப் பதிலாக "நாங்கள் கொடுக்கிறோம்" என்று சில குருக்கள் சொல்லிவந்தார்கள். பெற்றோரும் உறவினரும் சேர்ந்து கொடுப்பதுபோல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். 2020 ஆகஸ்டில் வத்திக்கான் அது செல்லாது என்று அறிவித்தது. அமெரிக்காவில் ஒரு குரு, தம் குழந்தைப் பருவ வீடியோவைப் பார்த்தபோது தமக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது என்று கண்டுபிடித்தார். ஞானஸ்நானமே இல்லை என்றால் குருத்துவமும் இல்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து பெற வேண்டியிருந்தது. வறட்டுச் சட்டவாதம் என்று இதைப் பலர் கேலி செய்தார்கள். சட்டத்துக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது: ஞானஸ்நானத்தில் செயல்படுபவர் கிறிஸ்து, குரு அவருடைய கை மட்டுமே. அங்கே கூடியிருக்கும் குடும்பம் தன் பெயரில் கொடுக்கும் வரவேற்பு வேறு காரியம்.

எண்ணம் என்றால் திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற நோக்கம். நாடகத்தில் ஒருவர் தலையில் தண்ணீர் ஊற்றி இதே வார்த்தையைச் சொன்னாலும் அது ஞானஸ்நானம் ஆகாது.

கொடுக்க வேண்டியவர் வழக்கமாகப் போதகர், குரு, ஆயர் அல்லது திருத்தொண்டர். உயிர் போகும் நேரத்தில் யாரும் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்க ஒழுங்கு. கொடுப்பவர் ஞானஸ்நானம் பெறாதவராக இருந்தாலும் செல்லும், எண்ணம் சரியாக இருந்தால் போதும். லூத்தரன், ஆங்கிலிக்கன் சபைகளிலும் அவசர ஞானஸ்நானத்துக்கு இடமுண்டு. மருத்துவமனையில் இப்படி நேர்ந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சுத்தமான தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே மேலே சொன்ன வார்த்தையைச் சொல்வது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் குறைமாதக் குழந்தை என்றால், செவிலியரிடம் கேட்டு, கிருமி நீக்கிய நீரில் சில துளிகளை நெற்றியில் வழியவிடலாம். ஊற்றுபவரும் சொல்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். பதற்றத்தில் ஒருவர் ஊற்ற, இன்னொருவர் சொல்லிவிடுவார். பின்னால் அது பெரிய சிக்கலாகிவிடும். குழந்தை பிழைத்தால் சபையில் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். மறுபடி கொடுக்கமாட்டார்கள், விடுபட்ட ஜெபங்களையும் சடங்குகளையும் மட்டும் நிறைவு செய்வார்கள்.

முழுக்கா, ஊற்றலா, தெளிப்பா

முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட திதகே என்ற சிறு ஒழுங்குநூல் இதற்கு ஒரு நடைமுறை பதில் தருகிறது. ஓடும் தண்ணீரில் கொடு. அது இல்லையா, வேறு தண்ணீரில் கொடு. குளிர்ந்த நீர் முடியாதா, வெந்நீரில் கொடு. இரண்டும் போதாதா, தலையில் மூன்றுமுறை ஊற்று. பெறுகிறவர் ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே உபவாசம் இருக்கட்டும். இவ்வளவுதான். இன்று இரண்டு தரப்பும் இந்தப் பகுதியைத் தங்களுக்குச் சாதகமாகக் காட்டுகிறார்கள். முழுக்கு முதலிடத்தில் இருந்தது, ஊற்றுவதும் ஏற்கப்பட்டது என்று நேராகப் படிப்பதே நியாயம்.

ஆர்த்தடாக்ஸ் சபை குழந்தையையே மூன்றுமுறை முழுக்குகிறது. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே, பிரதரன் சபைகளில் பெரியவர்களுக்கு முழுக்கு. கத்தோலிக்க ஒழுங்கு முழுக்கையும் ஊற்றலையும் ஏற்கிறது, நடப்பில் பெரும்பாலும் ஊற்றல். லூத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளில் ஊற்றல் அல்லது தெளிப்பு வழக்கம், கேட்டால் முழுக்கும் கிடைக்கும்.

ஊற்றும்போது நடக்கும் தவறு சிறியது, ஆனால் அடிக்கடி நடப்பது. தண்ணீர் தோலில் பட்டு ஓட வேண்டும். அடர்ந்த முடியின் மேல் நாலு துளி விட்டால் தோலைத் தொடாமலே நின்றுவிடும். ஈர விரலால் நெற்றியைத் தடவுவது ஓட்டம் ஆகாது. குழந்தையை முகம் மேல்நோக்கி, தலை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி பிடித்து, நெற்றியின் மேல்பகுதியிலிருந்து உச்சியைப் பார்த்து ஊற்றினால் கண்ணிலும் மூக்கிலும் போகாது. ஒரு சிறு கிண்ணம் தண்ணீர் மூன்றுமுறைக்கும் போதும். பிதா என்னும்போது ஒன்று, குமாரன் என்னும்போது ஒன்று, பரிசுத்த ஆவி என்னும்போது ஒன்று. தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக வைத்தால் குழந்தை திடுக்கிடாது. தொப்பியையும் கழுத்துப் பித்தானையும் முன்பே கழற்றிவிட வேண்டும். கடைசி நிமிடத்தில் முடிச்சோடு போராடுவதைப் பல தேவாலயங்களில் பார்க்கலாம்.

முழுக்குக்குத் தண்ணீர் இடுப்புக்கு மேல், நெஞ்சுக்குக் கீழ் இருப்பது நல்லது. ஆழம் குறைந்தால் ஆளைச் சாய்ப்பது கடினம், அதிகமானால் கால் தரையில் நிற்காது. பெறுகிறவர் போதகருக்குப் பக்கவாட்டில் நின்று, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொள்வார், அல்லது ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். போதகர் ஒரு கையைத் தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் வைத்து, மறு கையால் பெறுகிறவரின் கைகளைப் பிடிப்பார். வார்த்தையைச் சொல்லி முடித்ததும் பின்பக்கமாகச் சாய்த்து, முகம் முழுதும் மூழ்கியதும் தூக்கிவிடுவார். தண்ணீருக்குள் இருப்பது ஒரு விநாடி, அதிகம் போனால் இரண்டு. முழங்காலை மடக்கி உடலைத் தளர்வாக விட்டால் உயரமானவரையும் எளிதில் சாய்க்கலாம். பயந்து விறைத்துக்கொண்டால்தான் கால் மேலே வந்து, தலை வெளியிலேயே நின்றுவிடும். சில சபைகளில் உடனே மறுபடி முழுக்குவது அதனால்தான்.

உடை கனமான, கருநிறத் துணியாக இருக்கட்டும். மெல்லிய வெள்ளைத் துணி நனைந்தால் உடலைக் காட்டிக்கொடுக்கும். வெள்ளையே வேண்டுமென்றால் உள்ளே இன்னோர் அடுக்கு அணிய வேண்டும். அகலமான பாவாடை தண்ணீரில் மிதந்து மேலே வராமலிருக்க ஓரத்தில் சிறு எடை வைத்துத் தைப்பார்கள். மாற்று உடை, துண்டு, வழுக்காத பாய் ஆகியவை கரையில் தயாராக இருக்க வேண்டும். வலிப்பு, இதய நோய், கர்ப்பம் எதுவாக இருந்தாலும் போதகரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஆற்றிலோ கடலிலோ கொடுத்தால், நீந்தத் தெரிந்த ஒருவர் நீரோட்டம் போகும் திசையில் நிற்பது அவசியம்.

இன்னொன்றைச் சொல்லாமல் விடக்கூடாது: தண்ணீரில் நிற்பவர் மின்கம்பியோடு இணைந்த ஒலிவாங்கியைத் தொடவே கூடாது. 2005இல் டெக்சாஸில், ஞானஸ்நானத் தொட்டிக்குள் நின்றபடி ஒலிவாங்கியைப் பிடித்த ஒரு போதகர் மின்சாரம் பாய்ந்து இறந்தார்.

குழந்தைக்குக் கொடுக்கலாமா

ஞானஸ்நானத்தைப் பொறுத்தவரை கிறிஸ்தவர்களை அதிகம் பிரித்த கேள்வி இதுதான்.

கொடுக்கலாம் என்போர் சொல்வது: ஞானஸ்நானம் முதலில் கடவுளின் செயல். தான் கேட்காமலே குழந்தை தாயின் அன்பைப் பெறுவதுபோல, கிருபையையும் பெறலாம். பழைய உடன்படிக்கையில் எட்டாம் நாளில் ஆண் குழந்தையின் நுனித்தோலை நீக்கி விருத்தசேதனம் செய்தார்கள். கொலோசெயர் 2:11-12 விருத்தசேதனத்தையும் ஞானஸ்நானத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிறது. அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில் லீதியாளும் வீட்டாரும், பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனும் வீட்டாரும் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றார்கள். குழந்தைக்குப் பேச வராவிட்டால் பெற்றோர் பதில் சொல்லட்டும் என்று, மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகப் பலர் கருதும் அப்போஸ்தலப் பாரம்பரியம் என்ற ஒழுங்குநூல் சொல்கிறது.

கூடாது என்போர் சொல்வது: புதிய ஏற்பாட்டில் விசுவாசம் முன்னால், தண்ணீர் பின்னால். "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன்" என்ற மாற்கு 16:16இன் வரிசையைக் காட்டுவார்கள். அந்த வீட்டார்களில் கைக்குழந்தை இருந்ததாக எங்கும் எழுதவில்லை. ஏறக்குறைய கி.பி. 200இல் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், குழந்தைகளுக்கு அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள் என்று எழுதினார். அப்போதே வழக்கம் இருந்தது என்பதற்கும் அதை எதிர்த்தவர் இருந்தார் என்பதற்கும் ஒரே ஆவணம் சாட்சி.

தள்ளிப்போடுவதற்கு வேறொரு காரணமும் அக்காலத்தில் இருந்தது. ஞானஸ்நானத்துக்குப் பிறகு செய்யும் பாவத்துக்கு என்ன கதி என்ற பயம். பேரரசர் கான்ஸ்டன்டைன் 337இல் மரணப் படுக்கையில்தான் பெற்றார். 374இல் மிலான் மக்கள் அம்புரோசை ஆயராகத் தேர்ந்தெடுத்தபோது அவர் ஞானஸ்நானமே பெறாதவர். பெற்று ஒரு வாரத்தில் ஆயரானார். மனிதர் பாவத்தோடே பிறக்கிறார்கள் என்ற, பிறவிப் பாவம் பற்றிய அகுஸ்தீனின் போதனை பரவிய பிறகு மேற்கில் குழந்தை ஞானஸ்நானம் பொதுவழக்கமாக உறுதிப்பட்டது.

1525 ஜனவரி 21 அன்று சூரிச் நகரில், குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றிருந்த சிலர் ஒரு வீட்டில் கூடி, விசுவாச அறிக்கையின்பேரில் புதிதாகப் பெற்றார்கள். அனபாப்டிஸ்டு இயக்கம் அங்கே பிறந்தது. அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை இரண்டே ஆண்டில், 1527 ஜனவரி 5 அன்று, நகர ஆட்சி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. தண்டனைக்கும் தண்ணீரையே தேர்ந்தெடுத்த குரூரத்தைப் பற்றி என்ன சொல்ல! ஞானஸ்நானமே அன்று ஊர்க் குடிமைக்கும் அடையாளமாக இருந்ததால், குழந்தை ஞானஸ்நானத்தை மறுப்பது அரசை மறுப்பதாகவே பார்க்கப்பட்டது.

நடைமுறையில் இரு தரப்பும் இரண்டு படிகளை வைத்திருக்கின்றன. குழந்தைக்குக் கொடுக்கும் கத்தோலிக்க, லூத்தரன், ஆங்கிலிக்கன் சபைகள், பிள்ளை வளர்ந்து தானே விசுவாசத்தை அறிக்கையிட உறுதிப்பூசுதல் அல்லது திடப்படுத்தல் வைத்திருக்கின்றன. பெரியவர்களுக்கு மட்டும் கொடுக்கும் சபைகள் குழந்தையைக் கையில் ஏந்தி ஜெபித்துப் பிரதிஷ்டை செய்கின்றன. ஆர்த்தடாக்ஸ் சபை மட்டும் எதையும் பிரிப்பதில்லை. கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம், எண்ணெய்ப் பூசுதல், நற்கருணை மூன்றையும் சேர்த்துத் தந்துவிடுகிறது.

இரண்டாம் முறை உண்டா

இல்லை. "பாவமன்னிப்புக்கென்று ஒரே ஞானஸ்நானம்" என்று 381இல் கான்ஸ்டன்டிநோபிள் சங்கத்தோடு இணைத்துச் சொல்லப்படும் விசுவாச அறிக்கையிலேயே வந்துவிட்டது. கெட்டவர் கையால் பெற்றாலும் செல்லுமா? மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன், திருச்சபையைவிட்டுப் பிரிந்துபோனவர்கள் கொடுத்தது செல்லாது என்றார். ரோமை ஆயர் ஸ்தேவான் செல்லும் என்றார். மேற்கில் 314இல் ஆர்ல் நகரில் கூடிய சங்கம், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் கொடுத்திருந்தால் மறுபடி கொடுக்க வேண்டாம் என்று முடிவுசெய்தது. கொடுப்பவர் யோக்கியரா என்பதைப் பொறுத்து அது நிற்பதில்லை, கிறிஸ்துவைப் பொறுத்து நிற்கிறது.

இதே அடிப்படையில் 2007இல் ஜெர்மனியின் மாக்தெபுர்க்கில் கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ், புராட்டஸ்டண்ட் சபைகள் உட்படப் பதினொரு சபைகள் ஒன்றன் ஞானஸ்நானத்தை மற்றொன்று ஏற்பதாகக் கையெழுத்திட்டன. பாப்டிஸ்டுகளும் மென்னோனைட்டுகளும் கையெழுத்திடவில்லை. அவர்கள் பார்வையில் குழந்தைக்குக் கொடுத்தது ஞானஸ்நானமே இல்லை என்பதால், வளர்ந்தபின் கொடுப்பதை இரண்டாவது என்று அவர்கள் எண்ணுவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் சபை மாறும் குடும்பங்களில் வரும் சண்டை பாதி குறையும்.

பெற்றேனா இல்லையா என்றே ஒருவருக்குத் தெரியாவிட்டால்? விசாரித்தும் சந்தேகம் தீராதபோது, "நீ ஞானஸ்நானம் பெறாதிருந்தால்" என்ற நிபந்தனையோடு வார்த்தையைத் தொடங்கிக் கொடுப்பார்கள். முன்பே பெற்றிருந்தால் எதுவும் திரும்ப நடக்கவில்லை, பெறாதிருந்தால் இப்போது பெற்றாயிற்று.

பெறாமல் இறந்தால்

இயேசுவின் அருகே சிலுவையில் தொங்கிய கள்ளன் ஞானஸ்நானம் பெறவில்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கைப் பெற்றான். கத்தோலிக்கப் போதனை ஞானஸ்நானம் இரட்சிப்புக்குத் தேவை என்கிறது. ஆனால் பெறுமுன் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவரையும், பெற விரும்பி அதற்குள் இறந்தவரையும் பெற்றவராகவே எண்ணுகிறது. குழந்தையாகவே இறந்தவர்களைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. பாப்டிஸ்ட் போன்ற சபைகளுக்கு ஞானஸ்நானம் இரட்சிப்பைத் தருவதில்லை, பெற்ற இரட்சிப்புக்கு வெளிப்படையான சாட்சி அது. இருந்தும் கட்டளை என்பதால் தள்ளிப்போடக்கூடாது என்பார்கள். குவேக்கர்களும் இரட்சணிய சேனையும் தண்ணீர் ஞானஸ்நானம் கொடுப்பதே இல்லை.

பெற முடிவுசெய்தவர் என்ன செய்ய வேண்டும்

அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் வரும் எத்தியோப்பிய மந்திரி "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று கேட்டு அப்போதே இறங்கினார். அப்போஸ்தலப் பாரம்பரியமோ மூன்று ஆண்டு ஆயத்தம் கேட்டது. இன்று பெரும்பாலான சபைகள் இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கின்றன. சில வாரங்களோ சில மாதங்களோ வகுப்பு இருக்கும். கத்தோலிக்கத் திருச்சபையில் ஏழு வயது நிரம்பியவர் பெரியவர்களுக்கான முறைக்குள் வருவார். தவக்காலத்தில் கடைசி ஆயத்தம் முடித்து ஈஸ்டர் இரவில் பெறுவது வழக்கம்.

அன்று கேட்கப்படும் கேள்விகளை முன்பே வாங்கி வாசித்துவிடுங்கள். சாத்தானையும் அவன் கிரியைகளையும் விட்டுவிடுகிறாயா என்று முதலில் வரும், பிறகு பிதாவையும் குமாரனையும் பரிசுத்த ஆவியையும் விசுவாசிக்கிறாயா என்று வரும். ஆர்த்தடாக்ஸ் முறையில் முதல் பதிலுக்கு மேற்கு நோக்கியும், அடுத்ததற்குக் கிழக்கு நோக்கியும் நிற்பார்கள். சில சபைகளில் தண்ணீருக்கு முன்னும் பின்னும் எண்ணெய்ப் பூசுதல், வெள்ளை உடை, ஈஸ்டர் மெழுகுதிரியிலிருந்து ஏற்றிய விளக்கு ஆகியவை உண்டு. இவை விடுபட்டாலும் ஞானஸ்நானம் செல்லும்.

ஞானப்பெற்றோரைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. கத்தோலிக்க ஒழுங்கில் ஒருவர் போதும், இருவர் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். பொதுவாகப் பதினாறு வயது நிரம்பி, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்று, விசுவாசத்துக்கு ஏற்ற வாழ்க்கை வாழும் கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பெற்ற தாயும் தகப்பனும் ஞானப்பெற்றோர் ஆக முடியாது. வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் ஒரு கத்தோலிக்கரோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம். நல்ல பரிசு தருவார் என்று யாரையாவது நிறுத்திவிட்டு, கடைசி வாரத்தில் தகுதி இல்லை என்று தெரிந்து சங்கடப்படுவதைவிட, பெயரைச் சொல்லுமுன் சபையில் கேட்டுவிடலாம்.

பெயர் மாற்றுவது ஞானஸ்நானத்தின் பகுதி இல்லை. புதுப்பெயர் எடுப்பது வழக்கம் மட்டுமே, இருக்கும் பெயரிலேயே பெறலாம். கல்யாணத்துக்காக, சான்றிதழுக்காக, வீட்டார் வற்புறுத்தலுக்காகப் பெறப்போகிறவர் அதைப் போதகரிடம் வெளிப்படையாகச் சொல்வது நல்லது. சொன்னால் தள்ளிவைப்பார்கள் என்ற பயத்தில்தான் மறைக்கிறார்கள். தள்ளிவைப்பதில் நஷ்டமில்லை. பெற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட முடியாது.

எல்லாம் முடிந்ததும் பதிவேட்டில் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், கொடுத்தவர், இடம், நாள் எழுதப்படும். கிளம்புமுன் அந்த வரியை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்தும் இங்கே உள்ள எழுத்தும் ஒத்துப்போக வேண்டும். பல ஆண்டு கழித்துத் திருமணத்துக்காக நகல் கேட்கும்போதுதான் பிழை கண்ணில் படுகிறது, அதற்குள் சாட்சிகள் ஊர் மாறியிருப்பார்கள்.